மாட்டின் குளம்பு மூட்டில் சீழ் பிடித்தால்

மாடு காலை ஊன்றவில்லை. ஒரு வாரமாக ஊசி போட்டாயிற்று, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவியாயிற்று, வீக்கம் மட்டும் இறங்கவில்லை. இந்தக் கட்டத்தில் மருத்துவர் "ஒரு குளம்பை எடுத்துவிடலாம்" என்று சொன்னால், கேட்பவர் காதில் அது "காலை வெட்டிவிடலாம்" என்றுதான் விழுகிறது. சின்னசேலம் பக்கத்துக் கறவை மாடானாலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஏர் உழும் காளையானாலும், பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அடுத்து வாசலுக்கு வருபவர் வியாபாரி. ஈன்று சில மாதமே ஆன மாடு அடிமாட்டு விலைக்குப் போகிறது.

இப்படிப் போகும் மாடுகளில் பலவற்றைக் காப்பாற்ற முடியும். தடையாக நிற்பவை இரண்டு தவறான எண்ணங்கள். மூட்டுக்குள் போன சீழை இன்னும் நாலு ஊசி போட்டால் சரிசெய்துவிடலாம் என்பது ஒன்று. கத்தி வைத்தால் மாடு முடமாகிவிடும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் நாட்களைத் தின்கிறது, இரண்டாவது மாட்டையே தின்கிறது.

பாதத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். நம் கையின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இணையான இரண்டு விரல்களின் நுனியில்தான் மாடு நிற்கிறது. ஒவ்வொரு நுனிக்கும் ஒரு குளம்பு. ஒவ்வொரு விரலிலும் மேலிருந்து கீழாக மூன்று எலும்புகள். கடைசி எலும்பு முழுவதும் குளம்புக்குள் இருக்கிறது. நடு எலும்பு பாதி உள்ளே, பாதி வெளியே. இந்த இரண்டும் சேரும் இடத்தைக் குளம்பு மூட்டு என்று சொல்லலாம். அதன் பின்புறம் படகு வடிவத்தில் ஒரு சிற்றெலும்பு. அதை ஒட்டிக்கொண்டு விரலை மடக்கும் தடித்த தசைநாண் ஓடுகிறது. மூட்டு எங்கோ ஆழத்தில் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் இரு குளம்புகளுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தோலுக்கும் மூட்டுப் பைக்கும் இடையில் இருக்கும் சதை மிகவும் குறைவு. பின்குதிப் பக்கத்திலிருந்தும் தொலைவு அதிகமில்லை. அங்கே ஆழமாக இறங்கும் ஒரு முள்ளுக்கு மூட்டு எட்டும் தூரம்தான்.

சீழ் மூட்டுக்குள் போகும் வழி மலையில் ஒன்றாகவும் சமவெளியில் வேறாகவும் இருக்கிறது. கல்வராயன் மலையில் கூர்ங்கற்களும் முள்ளும் முதல் எதிரிகள். சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. சரிவில் மேய்ந்து இறங்கும் மாட்டின் குளம்பு இடுக்கில் கல் குத்திய காயம் மழைக்காலச் சேற்றில் நாலு நாள் ஊறினால் போதும். கீழே சமவெளியில் கதை வேறு. கலப்பின ஜெர்சி மாடு நாள் முழுக்கச் சாணமும் மூத்திரமும் தேங்கிய சிமென்ட் தரையில் நிற்கிறது. குளம்பு ஊறி மென்மையாகிறது, அடிப்பக்கம் தேய்ந்து மெலிகிறது. ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் கிழங்குத் திப்பியும் மக்காச்சோள மாவும் மலிவாகக் கிடைப்பதால் அவற்றை அளவுக்கு மீறி வைக்கும் பழக்கமும் உண்டு. மாவுச்சத்து மிகுந்து வயிறு புளித்தால் அதன் தீங்கு குளம்புக்குள் இருக்கும் உயிர்த்தசைக்கும் போய்ச் சேர்கிறது. சில வாரம் கழித்துப் பின்னங்காலின் வெளிக்குளம்பில், குதியும் அடிப்பாதமும் சேருமிடத்தில் புண் விழும். அந்தப் புண்ணுக்கு நேர் மேலேதான் தசைநாணும் படகு எலும்பும் மூட்டும் இருக்கின்றன.

கோமாரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2013-இல் தமிழகத்தைக் கோமாரி உலுக்கியபோது, பிழைத்த மாடுகளிலும் குளம்பு கழன்றவை, இடுக்கில் புழு வைத்தவை உண்டு. வைரஸ் போய்விடும், அது திறந்துவிட்ட புண் வழியாகப் பாக்டீரியா உள்ளே போகும். மத்திய அரசின் தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசி போட வழி செய்திருக்கிறது. குளம்பு மூட்டைக் காப்பாற்றவும் அந்த ஊசி வேண்டும் என்பதை ஊசிக்கு மாட்டைப் பிடித்துவரத் தயங்குபவர்களுக்குச் சொல்லலாம்.

சாதாரணக் குளம்பு அழுகலையும் மூட்டுச் சீழையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறிய முடியும். கோமாரியில் வாயில் கொப்புளம் வரும், எச்சில் ஒழுகும், ஒன்றுக்கு மேற்பட்ட கால் பாதிக்கும். குளம்பு அழுகலில் இடுக்கில் வெடிப்பும் துர்நாற்றமும் இருக்கும்; வீக்கம் இரண்டு குளம்புக்கும் மேலே சமமாகப் பரவும்; முதல் நாளிலேயே ஊசி போட்டால் மூன்று நாலு நாளில் மாடு தேறிவிடும். மூட்டுக்குள் சீழ் போன மாடு அப்படி இருக்காது. வீக்கம் ஒரு பக்கக் குளம்புக்கு மேலே மட்டும், மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் வரம்பில், புடைத்துச் சிவந்து நிற்கும். மாடு காலின் நுனியை மட்டும் தொட்டு நிற்கும், இல்லையென்றால் தூக்கியே வைத்திருக்கும். தீனி குறையும், பால் சட்டென்று இறங்கும், விலாவெலும்பு தெரிய மெலியும். சில நாளில் அந்த வரம்பிலேயே ஒரு துளை விழுந்து சீழ் கசியும். தசைநாணும் அழுகி அறுந்துவிட்டால் குளம்பின் முனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் வெறும் ஊசியால் மட்டும் குணம் கிடைக்கும் என்று காத்திருப்பது வீண்.

ஏன் வீண்? மூட்டெலும்பின் முனைகளில் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. தோள்பட்டையிலோ நரம்பிலோ போடும் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்ய வேண்டும். மூட்டுக்குள் கெட்டிச் சீழும் செத்த திசுவும் நிரம்பிவிட்டால் மருந்து போய்ச் சேர வழி குறுகிவிடுகிறது. சேரும் கொஞ்சமும் சீழுக்குள் வேலை செய்யத் திணறுகிறது. அங்கே அதிகம் குடியிருக்கும் ட்ரூபரெல்லா பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியா சீழ் கட்டுவதில் பேர்போனது. நாள் ஆக ஆகக் குருத்தெலும்பு கரைந்து, எலும்பே அரிக்கப்படுகிறது. வெளியில் பெனிசிலின் மாற்றி ஆக்ஸிடெட்ராசைக்ளின், அது மாற்றிச் செஃப்டியோஃபர் என்று போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே நடப்பது இதுதான்.

நல்ல மருத்துவர் முதலில் செய்வது கழுவுவது. காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, சாணமும் சேறும் போகத் தேய்த்துக் கழுவி, குளம்பின் அடியைக் கத்தியால் மெல்லச் சீவி, கறுத்த புள்ளியைத் தேடுவார். இடுக்கியால் ஒவ்வொரு குளம்பாக அழுத்திப் பார்ப்பார். புண் இருந்தால் மழுங்கிய உலோகக் குச்சியை அதன் வழியே விடுவார். அது எலும்பில் சொரசொரவென்று தட்டினால் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீரை எடுத்துப் பார்ப்பதும் உண்டு. நலமான மூட்டு நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக, இழுத்தால் நூல்போல நீளும். நோயுற்றது கலங்கித் துணுக்குத் துணுக்காக வரும். எக்ஸ்ரே உதவும், ஆனால் எலும்பு அரிப்பு அதில் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்பதை வைத்து நிம்மதியடையக் கூடாது.

நோய் புதிதாக இருந்தால், அதாவது சில நாட்களுக்குள் பிடிபட்டால், மூட்டைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்கலாம். ஒரு பக்கம் தடித்த ஊசி வைத்துச் சலைன் செலுத்தி, இன்னொரு பக்க ஊசி வழியாக வெளியேற்றுவார்கள். நீர் தெளியும்வரை, லிட்டர் கணக்கில். கூடவே கணுக்காலுக்கு மேல் ரப்பர் கட்டு இறுக்கிப் போட்டு, கட்டுக்குக் கீழுள்ள ரத்தக் குழாயில் ஆன்டிபயாடிக்கைச் செலுத்தி அரை மணி நேரம் போல விட்டுவைக்கும் முறை உண்டு. மருந்து உடம்பெங்கும் கலந்து போகாமல் பாதத்துக்குள்ளேயே செறிவாக நிற்கும். நலமான குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ ஒட்டி, நோயுற்ற குளம்பு தரையைத் தொடாமல் செய்துவிட்டால் வலி உடனே குறையும். மலிவான இந்தக் கட்டை நம் ஊரில் இன்னும் பரவலாகப் பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூட்டு ஏற்கெனவே அழிந்துவிட்டதென்றால் கழுவிப் பயனில்லை. அப்போது இரண்டு வழிகள்: நோயுற்ற ஒற்றைக் குளம்பை எடுத்துவிடுவது, அல்லது குளம்பை விட்டுவைத்து மூட்டை மட்டும் சுரண்டி எலும்புகளை ஒட்டவைப்பது.

குளம்பை எடுக்கும் அறுவை, கேட்பதற்கு இருக்கும் அளவு கொடூரமானதல்ல. பெரிய அறுவைக் கூடம் வேண்டாம். சுத்தமான இடமும் நாலு ஆட்களும் வைக்கோல் மெத்தையும் இருந்தால் களத்திலேயே செய்யலாம். முந்தைய நாள் மாலையிலிருந்து தீனியை நிறுத்தச் சொல்வார்கள், படுத்திருக்கும்போது வயிறு உப்பாமல் இருக்க. சைலசின் என்ற மயக்க மருந்து சிறு அளவில் தரப்படும். மாடு நிறை சினையாக இருந்தால் இதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து கருப்பையைச் சுருங்கவைக்கும். மாட்டைப் படுக்கவைத்து நோயுற்ற கால் மேலே வருமாறு கட்டுவார்கள். வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும், எச்சில் வெளியே வடிய. பிறகு ரப்பர் கட்டு. கட்டுக்குக் கீழே புடைக்கும் ரத்தக் குழாயில் 2 சதவீத லிக்னோகைன் 20 முதல் 30 மில்லி. பத்து நிமிடத்தில் பாதம் மரத்துவிடும். குளம்பு இடுக்கில் ஊசியால் குத்திப் பார்த்து, மாடு அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் கத்தி எடுப்பார்கள்.

இடுக்குத் தோலில் முன்னிருந்து பின்னாக ஒரு கீறல். அதில் முறுக்குக் கம்பியை நுழைக்கிறார்கள். வயிற்றில் செத்த கன்றை அறுத்தெடுக்கப் பயன்படும் அதே கம்பி. இரு முனைகளையும் பிடித்து மாற்றி மாற்றி இழுக்க, அது கீழிருந்து சாய்வாக மேலேறி, விரலின் முதல் எலும்பின் கீழ்ப்பகுதி வழியாகவோ நடு எலும்பின் மேற்பகுதி வழியாகவோ அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. உராய்வில் எலும்பு சூடேறாமல் சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார் உதவியாளர். அறுக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். செத்த திசுவையும் அழுகிய தசைநாணையும் வெட்டி நீக்கி, மருந்திட்டு, காஸ் துணியை அடுக்கி இறுக்கமாகக் கட்டிய பிறகே ரப்பர் கட்டை அவிழ்ப்பார்கள். எதிர்க்குளம்பையும் அப்போதே சீவி ஒழுங்கு செய்வது நல்லது. இனி முழு எடையும் அதன் மேல்தான்.

வலியின் ஊற்றே போய்விடுவதால், பல மாடுகள் அறுவைக்கு முந்தைய நாளைவிட மறுநாளும் அடுத்த நாளும் நன்றாகக் காலை ஊன்றுகின்றன. இதைச் சொல்லி நம்பாதவர்கள் கண்ணால் பார்த்த பிறகு நம்புகிறார்கள். காயக் கட்டை முதலில் மூன்று நாலு நாளில் பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டும்; பிறகு வாரத்துக்கு ஒரு முறை. புண் மூட நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை காய்ந்த தரை, மணலோ வைக்கோலோ பரப்பிய இடம், தீனியும் தண்ணீரும் அருகிலேயே. மேய்ச்சலுக்கு விடக் கூடாது. கட்டு சாணத்தில் நனைந்தால் நல்ல அறுவையும் கெட்டுப்போகும்.

இந்த அறுவைக்கு எல்லைகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பண்ணைகளில் குளம்பு எடுத்த மாடுகள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகள் மந்தையில் நீடிக்கின்றன. சில அதற்கும் மேல். உடல் கனத்த மாட்டுக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் மிஞ்சிய ஒற்றைக் குளம்பு சுமை தாங்காமல் நாளடைவில் தளரும். உடல் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் சுமப்பதால் முன்காலில் பலன் குறைவு. ஒரே பாதத்தின் இரு குளம்பும் கெட்டிருந்தாலோ, சீழ் கணு மூட்டு வரை ஏறியிருந்தாலோ இந்தப் பேச்சே வேண்டாம். பொலிகாளைக்கும் உழவுக் காளைக்கும் கூடியவரை தவிர்க்க வேண்டும்.

அங்கேதான் இரண்டாவது வழி முக்கியமாகிறது, குறிப்பாகக் கல்வராயன் மலைக்கு. சரிவில் சாமையும் தினையும் விதைக்க ஏர் இழுக்கும் காளைக்கு ஒற்றைக் குளம்பு போதாது. கல் நிறைந்த பாதையில் பிடிமானம் வேண்டும். மூட்டை ஒட்டவைக்கும் அறுவையில் குளம்பு அப்படியே இருக்கும். குதிப் பக்கமாகவோ குளம்பு வரம்புக்கு மேலாகவோ வழி திறந்து, படகு எலும்பை எடுத்து, துளைப்பானாலும் சுரண்டியாலும் மீதிக் குருத்தெலும்பு முழுவதையும் நீக்கி, சீழ் வடியத் திறப்பு வைத்து, நலமான குளம்பின் அடியில் கட்டை ஒட்டிவிடுவார்கள். உடம்பு தானே அந்த இரு எலும்பு முனைகளையும் எலும்பாலேயே இணைத்துவிடும். அந்த மூட்டு இனி மடங்காது, வலியும் இருக்காது. ஆனால் இதற்கு இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும், தொடக்க நாட்களில் தினமும் கழுவ வேண்டும், கருவியும் பழகிய கையும் வேண்டும். ஆகவே மாட்டுக்குத் தகுந்த அறுவை எது என்று கேட்க வேண்டியது, அதன் வயது, எடை, எந்தக் கால், என்ன வேலை, வீட்டில் கவனிக்க ஆள் உண்டா என்பதையெல்லாம் வைத்து. நாலு ஈற்றுக் கறவைக்கு ஒரு முடிவு, நாலு பல் காளைக்கு வேறு முடிவு.

இந்த அறுவைகளுக்குத் தேவையான இடம் அருகிலேயே இருக்கிறது. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், தலைவாசல் வி. கூட்டுரோட்டில், 2020-இல் அடிக்கல் நாட்டி 2021-இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகத்தின் நிலப்பரப்பு சின்னசேலம் வரை நீள்கிறது. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நாமக்கல்லில் 1985 முதல் ஒரு கல்லூரி உண்டு. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அறுவை செய்யத் தெரிந்தவர்கள் இல்லாத மாநிலமல்ல இது. மலையிலிருந்து மாட்டை இறக்கிக் கொண்டுவருவதுதான் பாடு. கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை இல்லாத ஊரின் நொண்டும் மாடு மினி லாரி நிற்கும் இடம் வரை நடந்தாக வேண்டும். அதனால்தான் குளம்பு எடுக்கும் எளிய அறுவையையும் கட்டை ஒட்டும் முறையையும் மலைக்கே கொண்டுபோக வேண்டும். கம்பி, ரப்பர் கட்டு, கட்டை, ஒட்டுப் பசை ஆகியவை நடமாடும் மருத்துவ ஊர்தியில் எப்போதும் இருக்க வேண்டிய சாமான்கள். மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை.

நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை சேர்த்து எண்ணெயில் காய்ச்சும் மருந்து குளம்புப் புண்ணுக்குப் பல ஊர்களில் கைகொடுத்திருக்கிறது. அது தோலில் இருக்கும் புண்ணுக்கு. மூட்டுக்குள் இருக்கும் சீழை மேலே தடவும் எந்த மருந்தும் எட்டாது. வீங்கிய மூட்டில் சூடு வைப்பதும், புழு சாகட்டும் என்று பூச்சிமருந்து ஊற்றுவதும் மாட்டுக்குச் செய்யும் கொடுமை. வலி மருந்திலும் கவனம் வேண்டும்: டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட 2006 முதல் தடை, பிணந்தின்னிக் கழுகுகளை அழித்தது அது. மெலாக்சிகாம் கேளுங்கள். ஆன்டிபயாடிக் போட்ட நாட்களில் கறந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். எத்தனை நாள் என்று மருந்துப் பெட்டியில் அச்சடித்திருக்கும், மருத்துவரும் சொல்வார்.

மாட்டின் ஒரு குளம்புக்கு மேலே மட்டும் வீக்கம் தெரிந்து, ஊசி போட்டு மூன்று நாளாகியும் காலை ஊன்றவில்லை என்றால், நாலாவது ஊசிக்குக் காத்திருக்க வேண்டாம். கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். வரும் மருத்துவரிடம் "சார், மூட்டுக்குள்ள போயிடுச்சா, கொஞ்சம் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். போயிருந்தால் குளம்பை எடுப்பதா, மூட்டை ஒட்டவைப்பதா என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வியாபாரியை அதற்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.